கூடை ஏறாத நாள்

இங்கே கோப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. தெலுக் ஆன்சன் போலீஸ் ஸ்டேஷனிலும் எனக்குக் கோப்பி கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் தோளில் தட்டி, "மனசு கெட்டுப் போயிருக்கு லா, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டார்கள். மறுவாரமும் போனேன். அப்போது கோப்பிகூட இல்லை. அதனால்தான் ரயிலேறி ஈப்போவுக்கு வந்தேன். பெரிய ஊரில் கேட்பதற்கு ஆள் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

என் பெயர் ஐயாவு. அப்பா சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரத்தில், அதான் ரப்பர் மரத்தில், பால் வெட்டினவர். எனக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. தெலுக் ஆன்சன் கப்பல் துறைக்கு வந்து சரக்குத் தூக்கினேன். ஒரு நாள் ஈயக் கட்டி ஒன்று வலது பாதத்தில் விழுந்து பாதம் மடங்கிப் போனது. துறை ஆபீசில் இரக்கப்பட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுத்தார்கள். அந்த வேலை உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும். அவசரம் ஒன்றும் இல்லையே?

தெலுக் ஆன்சனிலிருந்து பேராக் ஆற்றோடு கீழே போனால், கடலுக்குப் பாதி வழியில் ஆறு சட்டென்று மடங்கும். முழங்கை என்றுதான் எங்கள் ஆட்கள் அந்த வளைவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். இரு கரையிலும் சேற்றில் அடர்ந்து நிற்கிற நீப்பாப் பனைக் காடு. மேலிருந்து வருகிறவனுக்குக் கீழே இருப்பது தெரியாது, கீழிருந்து வருகிறவனுக்கு மேலே இருப்பது தெரியாது. கப்பல் ஊதினாலும் சத்தத்தைக் காடு விழுங்கிவிடும்.

பினாங்குக்குப் போகிற கப்பல் கித்தாப் பெட்டியும் ஈயமும் நிரப்பிக்கொண்டு, ஆற்றில் தண்ணீர் நன்றாக ஏறி நிற்கும்போது கிளம்பும். இல்லாவிட்டால் முகத்துவாரத்து மணலில் தட்டும். கீழே இருக்கும் தென்னந்தோட்டங்களிலிருந்து கொப்பரை ஏற்றி வருகிற தொங்கான் என்கிற பெரிய மரப்படகுகளும் அதே ஏற்றத்தில்தான் மேலே வரும். வற்றுகிற தண்ணீரை எதிர்த்து அவ்வளவு பாரத்தைத் தள்ளிக்கொண்டு வர யாரால் முடியும்? ஆக, இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீரில் இரண்டும் முழங்கையில் சந்தித்தால் நொறுங்குவது தொங்கான்தான்.

இருபத்தாறாம் வருஷத்துப் பெரிய வெள்ளம் வந்து மணலைத் தள்ளி, அந்த வளைவை இன்னும் ஒடுக்கமாக்கிவிட்டுப் போனது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு தொங்கான்கள் ஆளோடு மூழ்கிப் போயின. அதற்குப் பிறகுதான் வளைவின் மூலையில் ஓர் உயரமான கொடிமரத்தை நட்டு, பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு வீட்டைக் கட்டி, என்னையும் என் மனைவி மங்களத்தையும் குடிவைத்தார்கள். அங்கே நின்றால் ஆற்றின் இரண்டு பக்கமும் தெரியும். மேலே கப்பல் தலை காட்டினால், நான் கயிற்றை இழுத்துக் கொடிமரத்து உச்சிக்கு ஒரு கறுப்புக் கூடையை ஏற்ற வேண்டும். கூடை மேலே இருந்தால், கீழிருந்து வருகிற தொங்கான் கரையோரம் ஒதுங்க வேண்டும். கப்பல் கடந்ததும் கூடையை இறக்குவேன். தொங்கான் வரும். அவ்வளவுதான் என் வேலை.

கூடையை நானே பின்னினேன். ஆபீசில் கொடுத்தது ஒரு மழைக்குத் தாங்கவில்லை. ரோத்தான் பிரம்பைப் பிளந்து, உருண்டையாக வளைத்து, இரண்டு பூச்சு தார் பூசினேன். எந்த வெயிலிலும் கறுப்பாகத் தெரியும். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

இனி அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

கொடிமரம் ஆடாமல் இருக்க நாலு பக்கமும் கயிறு கட்ட வேண்டும். மூன்று கயிற்றுக்கு முளை அடித்தாயிற்று. ஆற்றுப் பக்கம் வெறும் சேறு, முளை நிற்கவில்லை. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்ட கல் ஒன்று அங்கே கிடந்தது, முழங்கால் உயரம் இருக்கும். அதை நெம்பி நிறுத்தி, கயிற்றை அதில் கட்டினேன். கரையேறி வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதே என்று, இரும்புக்குத் துருப்பிடிக்காமல் பூசுகிற சிவப்புச் சாயத்தில் மிச்சம் இருந்ததை அதன் நெற்றியில் பூசினேன். நெற்றி என்கிறேன் பாருங்கள். அன்றைக்கு அது வெறும் கல்லின் மேல்பாகம்.

மறுநாள் ஏற்றத்தில் முதலில் வந்தது சீனியின் தொங்கான். சீனி மங்களத்தின் தம்பி, எனக்கு மச்சான் முறை. அந்தத் தொங்கானுக்குத் தண்டல் அவன்தான். படகு அவன் சொன்னபடிதான் போகும், நிற்கும். கரையேறி வந்தவன் கல்லைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"மச்சான், யாரு இது? முனியா?"

நான் சிரித்தேன். அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

"வெள்ளத்தோட வந்து எறங்கியிருக்காரு லா. இல்லாட்டி இவ்ளோ கனத்த கல்லு இந்தச் சேத்துல எப்படி நிமிந்து நிக்கும்?"

நிமிர்த்தி வைத்த நான் அவனுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஒரு தேங்காயை உடைத்தான். சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக் கல்லின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் போன பிறகு அந்தச் சுருட்டை நான் எடுத்துக் குடித்தேன். நல்ல சுருட்டு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு முளை அடிக்கப் போய் முனியாய் முடிந்தது. அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அடுத்த வாரம் ஒரு சேவல் வந்தது, அதற்கடுத்த வாரம் சாராயம் வந்தது. தேங்காய்க்குக் குறைவே இல்லை. முனி குடிப்பதில்லை, தின்பதில்லை. வீணாகப் போகிறதை எடுத்துக்கொண்டேன். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அந்த வருஷம் முழங்கையில் ஒரு தொங்கான் உடையவில்லை, ஒரு ஆள் சாகவில்லை. காரணம் சாதாரணமானது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நான் கொடிமரத்தடியில் இருந்தேன். காய்ச்சலில் இருந்தேன், மழையில் இருந்தேன், தீபாவளி அன்றும் இருந்தேன். ஆனால் ஆற்றில் மேலும் கீழும் பேச்சு வேறாக இருந்தது. முனி வந்தார், வளைவு அடங்கிவிட்டது என்றார்கள். கூடையும் முனியும் ஒரே வாரத்தில் வந்தவர்கள், ஐயா. இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நோகாமல் நோன்பு கும்பிட்டது அந்தக் கல்.

கொப்பரை வாங்குகிற சீன முதலாளி, தவுக்கே, கட்டுக்கட்டாக ஊதுவத்தி கொடுத்தனுப்பினார். துறை ஆபீசுத் துரை ஒரு தடவை லாஞ்சில் வந்து இறங்கினார். மாலையும் தேங்காய் மூடியுமாக இருந்த கல்லைப் பார்த்துச் சிரித்து, தொப்பியைத் தூக்கி அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கயிறு தொய்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டு என்றார். இழுத்துக் கட்டினேன், அந்தக் கல்லிலேயே.

இதெல்லாம் சின்ன விஷயம், பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு மழை நாளில்.

இருபத்தெட்டாம் வருஷம். மேலே கப்பல் தெரிந்தது, கீழே சீனியின் தொங்கான் தெரிந்தது. கயிற்றை இழுத்தேன். மழையில் ஊறிக் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது, பாதி மரத்துக்கு மேல் கூடை ஏற மறுத்தது. என் காலைப் பற்றி முன்பே சொன்னேன். அந்தக் காலோடு கொடிமரத்தில் ஏறினேன். கூடையைப் பிடுங்கிக்கொண்டு உச்சிக்குப் போய், ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் கூடையைத் தூக்கிப் பிடித்தேன். தொங்கான் திரும்புவதைப் பார்த்தேன். நீப்பா மட்டைகளுக்குள் அது மூக்கை நுழைத்த பிறகு கப்பல் கடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு தண்ணீர்தான் இருந்தது.

இறங்கி வந்தபோது உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. சீனி தொங்கானை விட்டுக் குதித்துச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்தான். என்னிடம்தான் ஓடி வருகிறான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்க் கல்லின் முன்னால் குப்புற விழுந்தான்.

"அப்பனே, காப்பாத்திட்ட. என் பிள்ளைகுட்டிய காப்பாத்திட்ட."

அழுது முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், வீட்ல சூடம் இருக்கா? ஒண்ணு குடு லா."

இருந்தது. கொடுத்தேன். வாங்கும்போது என் கை ரத்தம் அவன் கையில் பட்டது. வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். "சீனி, அது நான் கயிறு கட்ட நிமித்தி வெச்ச கல்லு. நெத்தியில இருக்கிறது டின்னுல மிஞ்சின சாயம்."

அவனுக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இருக்கட்டும் மச்சான். உன் கையால வந்து உக்காந்திருக்காரு. அந்தக் குடுப்பினை எல்லாருக்கும் கெடைக்குமா?"

"மரத்துல ஏறுனது நான்டா."

"அந்தக் கால வெச்சுக்கிட்டு நீயா ஏறுன? யோசிச்சுப் பாரு. உன்ன ஏற வெச்சது யாரு?"

இதற்கு ஒரு பதில் இருந்தால் சொல்லுங்கள், ஐயா. நீங்கள் படித்தவர். நான் அன்றிலிருந்து தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நான் எதைச் செய்தாலும் அது முனி செய்வித்ததாகிவிடும். இழுத்தாலும் அவர், ஏறினாலும் அவர். என் உடம்பில் எனக்கென்று ஒரு விரல்கூட மிச்சம் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அதே வருஷம் மங்களம் உண்டானாள். கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் கல்லுக்குத் தொட்டில் கட்டியிருந்தாள், தெரியும். பையன் பிறந்ததும் முனியாண்டி என்று பெயர் வைத்தாள். என் அப்பா பெயரை வைக்கலாமே என்றேன். "குடுத்தவரு பேர விட்டுட்டு வேற பேரா வெப்பாங்க?" என்றாள். அதிலும் எனக்குப் பங்கில்லை என்று ஆகிவிட்டது. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன். ஆனால் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாய டின்தான் கண்ணில் வந்தது.

ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள், சண்டையில் அல்ல, சாதாரணமாக: "நீங்க சும்மா கயித்த இழுக்கிறவரு தானே. பாத்துக்கிறது அவரு."

எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வயிறு எரிந்தது.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் அல்ல. ஒரு சின்ன நிரூபணம் வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கடிகாரம் ஓடுகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை, நின்றால்தான் பார்க்கிறார்கள். இது யாருக்கும் புரிகிற நியாயம்தானே?

முதலில் சின்னதாகச் செய்து பார்த்தேன். போன மாசி மாதம், காலித் தொங்கான் ஒன்று நாலைந்து பேரோடு வந்தது. மேலே கப்பலும் வந்தது. நான் கயிற்றைத் தொடவில்லை. கப்பல்காரன் கடைசி நேரத்தில் கப்பலை ஒடித்துத் திருப்பிவிட்டான். துடுப்பு ஒன்று முறிந்தது, ஒருவன் தண்ணீரில் விழுந்து நீந்தி வந்தான். கப்பியில் கயிறு சிக்கிவிட்டது என்றேன், யாரும் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் ஊர் கூடி அதற்கு வெள்ளியில் கண் செய்து வைத்தார்கள். கூடை ஏறாவிட்டாலும் முனி காப்பாற்றுவார் என்று நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. அரைக்கிணறு தாண்டினால் இப்படித்தான் ஆகும். செய்கிறதை முழுதாகச் செய்ய வேண்டும்.

எழுதுகிற கிராணி ஐயா நிறுத்திவிட்டாரே. எழுதச் சொல்லுங்கள். இனிமேல்தான் முக்கியமானது.

இந்த வருஷம் ஆடியில் முனிக்குப் பெரிய பூசை வைத்தார்கள். கீழே தென்னந்தோட்டத்து லயத்து ஜனங்கள் சீனியின் தொங்கானில் வருவதாக ஏற்பாடு. கொப்பரை இல்லை, ஆள்தான் சரக்கு. கருங்கிடா ஒன்று நேர்ந்திருந்தார்கள். கறுப்பு கிடைக்கவில்லை என்று கடைசியில் செவலைக் கிடா ஒன்றைப் பிடித்து வந்தார்கள். அந்தக் கிடாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்பொழுது. தண்ணீர் ஏறி நின்றது. மங்களம் கல்லுக்குப் பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள், பையன் அவள் இடுப்பில். கீழே உறுமிச் சத்தம் கேட்டது, பிறகு தொங்கான் தெரிந்தது. பெண்கள் மஞ்சள் சேலையில் இருந்தார்கள். சீனி முன்னால் நின்று கல் இருக்கிற பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி வந்தான். மேலே நீப்பாக் காட்டுக்கு மேல் கப்பல் புகை தெரிந்தது.

கூடை என் காலடியில் இருந்தது. கயிறு என் கையில் இருந்தது. கப்பிக்கு அன்று காலையில்தான் எண்ணெய் போட்டிருந்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். இந்த மூன்றையும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

மங்களம்தான் முதலில் புகையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு, அந்த இடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கொடிமரத்து உச்சியைப் பார்த்தாள்.

"ஏங்க, கப்பல் வருதுங்க. கூட... கூடைய ஏத்துங்க."

நான் தொங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தம்பிங்க. புள்ளகுட்டிங்க வருதுங்க. ஏத்துங்களேன்."

"முனி பாத்துக்குவான்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவள் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தாள். இடுப்பில் குழந்தை, ஒரு கையால் என்ன செய்வாள்? நான் விடவில்லை. அவளைத் தள்ளவும் இல்லை. கயிற்றை மட்டும் விடவில்லை.

வளைவில் கப்பலின் முகம் திரும்பியது. உறுமி நின்றுவிட்டது. சீனி அப்போது கல்லைப் பார்க்கவில்லை, ஐயா. மேலே பார்த்தான், வெறும் உச்சியை. பிறகு கீழே என்னைப் பார்த்தான். கூடையை, கயிற்றை, என் கையை, எல்லாவற்றையும் பார்த்தான். கொடிமரத்தடியில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் அது தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மோதலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கப்பல் பெரியது, தொங்கான் மரம். அந்த இடத்தில் இழுப்பு அதிகம், முதலையும் உண்டு. கப்பல் நின்று படகு இறக்குவதற்குள் மஞ்சள் சேலைகள் வளைவைத் தாண்டிப் போய்விட்டன. அதற்கப்புறம் நான் கூடையை ஏற்றினேன். பின்னால் இன்னொரு தொங்கான் வந்துகொண்டிருந்தது. நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

பத்தொன்பது பேர் என்று சொன்னார்கள். அதில் செல்லாயி என்று ஒருத்தி. அவள் கைக்குழந்தையையும் சேர்த்தால் இருபது. அதற்கு அன்றைக்குத்தான் கல்லுக்கு முன்னால் பெயர் வைப்பதாக இருந்தார்கள். பெயரில்லாததால் விட்டுவிட்டார்கள். நீங்கள் விட வேண்டாம். சீனியின் உடல் மறுநாள் கிடைத்தது.

கரையேறியது அந்தச் செவலைக் கிடா மட்டும்தான். கழுத்தில் மாலையோடு நீந்தி வந்து, கல்லுக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறிக்கொண்டது.

அந்தக் கிடாவைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. துக்கத்துக்கு வந்த ஜனங்கள் கரையில் கூடினார்கள். எல்லோரும் இப்போது என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஏன் கூடையை ஏற்றவில்லை என்று ஒருவன் சட்டையைப் பிடித்தால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். தயாராக இருந்தேன்.

மங்களம் எழுந்து நின்றாள். தம்பியைப் பறிகொடுத்தவள், என் கையில் கயிறு இருந்ததைக் கண்ணால் பார்த்தவள், என் வாயால் நான் சொன்னதைக் காதால் கேட்டவள்.

"அவரு கையில இல்லங்க அது" என்றாள். "கருங்கெடா நேந்துட்டு செவலைய கொண்டாந்தாங்க. வேணாம்னு முனி கெடாவ திருப்பி அனுப்பிட்டாரு பாருங்க. நான் பக்கத்துல நின்னேன். கயித்த பிடிச்சு இழுத்தேன், அவரு கை கல்லு மாதிரி இருந்துச்சு. முனிதான் கைய கட்டிப்புட்டாரு. வாயத் தொறந்து பேசினதும் அவரு கொரல் இல்ல. சாமியே சொன்னுச்சு, நான் பாத்துக்கிறேன்னு."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். என் குரல்தான் என்றேன். கை என்னுடையது, விரல் என்னுடையது என்றேன். ஒரு கிழவர் என் வலது கையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. செல்லாயியின் புருஷனும் அந்த வரிசையில் நின்றான். என் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "சாமி, தப்பு எங்க மேலதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

துறை ஆபீசு விசாரணையில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. கொடிமரம் நல்ல நிலையில் இருந்ததா? இருந்தது என்றேன். அதற்கு மேல் பேச வாயெடுத்தேன். பாவம், மைத்துனனைப் பறிகொடுத்தவன் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். தொங்கானில் ஆள் அதிகம், மேளச் சத்தத்தில் கப்பல் ஊதியது கேட்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். கூடை என்ற சொல்லே அந்த அறையில் வரவில்லை.

இப்போது கல்லுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். கருங்கிடா வெட்டியாயிற்று. என்னைப் பூசாரியாக இருக்கச் சொல்கிறார்கள். மங்களம் என்னை இப்போது பெயருக்குக்கூட அதட்டுவதில்லை. என் எச்சில் தட்டில் அவள் சாப்பிடுவதில்லை, தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், சாமி தட்டு என்று. அவள் கண்ணைப் பார்த்தால் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாளா, நிஜமாகவே நம்புகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டும் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள்.

தப்பை உணர்ந்து வந்தேன் என்று எழுத வேண்டாம், ஐயா. அது வேறு. உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கல்லில் ஒன்றும் இல்லை. இந்த ஜனங்கள் கல்லை விட்டுவிட்டுக் கூடையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் நல்லதுக்குத்தான் நான் இதைச் செய்தேன், எனக்காக அல்ல. தீர்ப்பு வரும்போது அதைத் தமிழில் ஒருவர் முழங்கைக்கு வந்து உரக்கப் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை இரண்டு தடவை படிக்கட்டும்.

கயிற்றைப் பிடித்திருந்தவன் ஐயாவு. இழுக்காமல் நின்றவனும் ஐயாவு. கப்பல் வருவது தெரியும், தொங்கானில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும், என்ன நடக்கும் என்பது தெரியும். இருபது பேரையும் கொன்றது நான். என் கையை யாரும் கட்டவில்லை. நீங்கள் நம்புகிறீர்கள் என்று உங்கள் முகம் சொல்கிறது. முதல் தடவையாக ஒரு மனிதர் நம்புகிறார்.

நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். நேற்று விடிகாலையில் கிளம்பும்போது கல்லுக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றி, ஈப்போவிலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வந்தேன்.